இடப்பக்கம் சாய்ந்த முத்திரை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்சல் கிடங்கில் என்னோடு லாரி இறக்குகிற குஸாகாபே-சான், பிப்ரவரி மாதம் ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில், சோற்றுருண்டையின் உறையைப் பிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கியது. யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதான் சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதுகிறேன், அவ்வளவுதான்.

பெயரை மாற்றியிருக்கிறேன். மாற்றாவிட்டாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை, அவர் கதை படிக்கிற ஆள் இல்லை. அவர் படிப்பதெல்லாம் இணைய ஏலத்தில் பழைய கணினி விற்கிறவர்கள் எழுதிப்போடும் விவரங்கள்தான். கிடங்கின் பின்பக்கம், புகை பிடிக்கிறவர்கள் ஒதுங்கும் இடத்தில் நின்று, கைபேசியை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் படிப்பதைப் பார்த்தால் காதல் கடிதம் படிக்கிறார் என்று நினைப்பீர்கள். தனக்கு வந்ததை இல்லை. வேறொருத்தனுக்கு வந்ததை.

(இந்த வாக்கியத்தை எழுதியதும் எழுந்துபோய் டீ போட்டுக் குடித்தேன். நன்றாக வந்துவிட்டது என்று ஒரு கர்வம். திரும்பி வந்து பார்த்தால் கதையின் குட்டை முதல் பக்கத்திலேயே உடைத்திருக்கிறேன். இருக்கட்டும். அடித்தால் காகிதம் கிழிந்துவிடும்.)

2

மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "சைதாமா மாகாணம், குமகாயா நகரம், ரயில் பாதைக்கு வடக்கே மூன்றாவது தெரு, இரண்டாம் மாடி, வலதுபக்கக் கதவு, குஸாகாபே." இது தொடக்கமா, பார்சல் சீட்டா? எனக்கு எழுத்து நாற்பதுக்குமேல்தான் வந்தது. பெட்டிகளின் மேல் ஒட்டிய முகவரிகளைப் பார்த்துத்தான் படிக்கப் பழகினேன். அதனால் எதை எழுதினாலும் பெரிய இடத்தில் தொடங்கி ஒரு ஆளின் வாசலில் போய் நிற்கிறது. போய்ச் சேர்ந்ததும் மணியை அடித்துவிட்டு ஓடிவிடத் தோன்றுகிறது.

இரண்டாவது: "அன்று மழை பெய்து" என்று தொடங்கினேன். அன்று மழை இல்லை. விட்டுவிட்டேன்.

மூன்றாவது, ஏலத்துக்கு விட்டவர் எழுதியதை அப்படியே எடுத்துப்போடுவது:

"குமோ-8 கணினி. உடல் மட்டும். மின்சாரம் கொடுத்துப் பார்க்கவில்லை. மாமனார் வீட்டுப் பரணில் கிடைத்தது. எனக்கு இந்த இயந்திரங்களைப் பற்றி எதுவும் தெரியாது. ஜங்க், உதவாத சாமான் என்று நினைத்தே ஏலம் கேட்கவும். திருப்பி எடுத்துக்கொள்ள இயலாது. நோண்டி நோண்டிப் பார்க்கும் குணம் உள்ளவர்கள் தயவுசெய்து தவிர்க்கவும்."*

இதுதான் சரியான தொடக்கம். கடைசி வரியை எல்லாரும் எழுதுகிறார்கள், யாரும் படிப்பதில்லை. குஸாகாபே-சான் ஒருவராவது படித்திருக்கலாம்.

* எதுவும் தெரியாது என்று எழுதுகிறவருக்குத்தான் எல்லாம் தெரியும். மாமனார் வீட்டுப் பரணும் அப்படித்தான். "இந்த நாட்டுல இத்தன மாமனாருங்க கம்ப்யூட்டர் வச்சிருந்திருந்தா, நாம எதுக்கு இன்னும் லாரி இறக்கிட்டிருக்கோம்?" என்பார் குஸாகாபே-சான்.

3

இனிமேல் கதைக்குள் போகிறோம். கதைக்குள் 'சான்' என்ற மரியாதை ஒட்டு போடப்போவதில்லை. உள்ளே போனதும் எல்லாரும் ஒரு சுற்றுச் சிறுத்துவிடுகிறார்கள்.

குஸாகாபேயின் மனைவி மித்சுயோவுக்கு அறுபது நிறைந்தது. அறுபதுக்குச் சிவப்பு மேற்சட்டை போடுவது இங்கே வழக்கம். அதை ஒஸாகாவிலிருந்து மகள் அனுப்பிவிட்டாள். குஸாகாபேவுக்கு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. முப்பத்தாறு வருஷத்தில் அவர் கொடுத்த எதையும் மித்சுயோ வேண்டாம் என்று சொன்னதில்லை, திருப்பிப் பார்க்காமல் வாங்கியதும் இல்லை. தையலைப் பார்ப்பாள். அடிப்பாகத்தைப் பார்ப்பாள். அவர் கழுவி வைத்த கிண்ணத்தை எடுத்து வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி தொட்டிக்குள் வைப்பாள். சண்டை எல்லாம் கிடையாது. திருப்பி அனுப்புவாள், அவ்வளவுதான்.

அந்த மாதம் தொலைக்காட்சியில் பழைய சாமான்களைக் காட்டும் நிகழ்ச்சியில், தந்தநிற விசைகளோடு ஒரு கணினி வந்தது. முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்த மித்சுயோ கத்தியை நிறுத்தி, "இது நாங்க பண்ணினது," என்றாள். கல்யாணத்துக்கு முன்பு ஐஸூவில் ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் மூன்று வருஷம் சோதனைப் பிரிவில் இருந்தாள் என்பது அவருக்குத் தெரியும். அங்கே என்னத்தைச் சோதித்தாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அப்படித்தான் அவர் முதல் குமோ-8-ஐ ஏலத்தில் எடுத்தார். பெட்டி வந்ததும் துடைத்து வைக்கலாம் என்று மூடியைத் திறந்தார். மூடியின் உட்புறம் தீப்பெட்டி அளவில் ஒரு சோதனைச் சீட்டு ஒட்டியிருந்தது. மூன்று கட்டம். வலது ஓரம் பற்றவைப்பு, நடுவில் பொருத்துதல், இடது ஓரம் சோதனை. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வேலையைச் செய்தவரின் குடும்பப்பெயர், சிவப்பு மையில், உளுந்து பெருசில் வட்ட முத்திரையாக. சோதனைக் கட்டத்தில் 'ஹதானோ' என்று இருந்தது.

ஹதானோ மித்சுயோவின் பிறந்த வீட்டுப் பெயர்.

அந்த நேரத்தில் குஸாகாபேவைப் போலச் சந்தோஷப்பட்ட மனிதன் குமகாயா நகரத்தில் வேறு யாரும் இல்லை. திருப்புளியைக் கீழே போடக்கூடத் தோன்றாமல், மூடியோடு ஓடிப்போய், சிவப்புச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்த மனைவியிடம் காட்டினார். மித்சுயோ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். விரலை வைத்தாள். அவள் விரல் வைத்தது ஹதானோவின் மேல் இல்லை. வலது ஓரத்து முத்திரையின் மேல்.

"அட, நத்தோரி-சான்," என்று சொல்லிச் சிரித்தாள்.

பிறகு, "நல்ல கை அவருக்கு. அவர் பத்தவச்சது ஒண்ணுகூட எங்க மேசையிலருந்து திரும்பிப் போனதில்ல," என்றாள்.

(சோற்றுருண்டை பாதியில் நின்றது இந்த இடத்தில்தான். "அந்தச் சிரிப்ப நான் பாத்ததே இல்ல முகாய்-சான்," என்றார் என்னிடம். "முப்பத்தாறு வருஷமா எங்க வச்சிருந்தாளோ.")

4

இப்போது ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இது தெரியாவிட்டால் குஸாகாபேவைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்கள்.

கிடங்குக்கு வருமுன் முப்பத்தோரு வருஷம் அவர் ஒரு கடன் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தார். அங்கே எந்தக் காகிதம் போனாலும் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். இடது ஓரம் மேலாளர், அடுத்தது பிரிவுத் தலைவர், வலதுகோடியில் எழுத்தர். எழுத்தர் தன் முத்திரையை நேராகக் குத்தக்கூடாது. இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்துக் குத்த வேண்டும், மேலாளரின் முத்திரையைப் பார்த்துக் குனிந்து வணங்குகிற மாதிரி. எந்த விதிப்புத்தகத்திலும் இது கிடையாது. ஆனால் முதல் வாரமே நேராகக் குத்திய குஸாகாபேவைப் பிரிவுத் தலைவர் கூப்பிட்டு, "உங்க முதுகுல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து முப்பத்தோரு வருஷம் குஸாகாபேயின் முத்திரை தலை நிமிர்ந்ததில்லை.

அப்படிப்பட்டவர் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன், மேசையில் கிடந்த அந்த மூடியை மறுபடி எடுத்துப் பார்த்தார். நடுக் கட்டத்தில் எவனோ ஒரு சுகெனோ, கொடிக்கம்பம் மாதிரி நேராக நிற்கிறான். வலது ஓரத்தில் நத்தோரி இடப்பக்கம் சாய்ந்திருக்கிறான். சுகெனோவைத் தாண்டி, அந்தக் கோடியில் இருக்கும் ஹதானோவைப் பார்த்துக் குனிந்திருக்கிறான்.

பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பார்த்து ஒரு பற்றவைப்புக்காரன் எதற்குக் குனிய வேண்டும்?

தற்செயலாக இருக்கலாம் என்று நினைத்து இன்னொரு குமோ-8 எடுத்தார். அதிலும் ஹதானோ, அதிலும் நத்தோரி, அதே சாய்வு. மூன்றாவதில் சோதனைக் கட்டத்தில் வேறு ஒரு பெயர் இருந்தது. அதைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது அவருக்கு. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது அந்தப் பாதியும் போயிற்று. வேறு சோதனைக்காரியின் முன்னால் நத்தோரி சுகெனோவைவிட நேராக நின்றான். நான்காவதில் மறுபடி ஹதானோ, மறுபடி குனிவு.

ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டு, மூன்றாவதைத் தவிர மற்றவற்றைக் காட்டி மித்சுயோவிடம், "இதிலயும் உன் முத்திரை இருக்கு," என்பார். அவள் புன்னகைத்துக்கொண்டு அதை அலமாரியில் இடம்பண்ணி வைப்பாள். கீழ்வீட்டு ஒச்சியாய்-சானிடம் சொன்னாளாம்: "எங்க வீட்டுக்காரரு நான் தொட்ட மிஷினையெல்லாம் நாடு பூரா தேடித்தேடிக் கொண்டாறாரு. இந்த வயசுல அவருக்கு இப்படி ஒரு கோட்டி."

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் நான்கு கணினி. அவள் அவற்றைத் துடைக்கும்போது அவருடைய பிரியத்தைத் துடைப்பதாக நினைக்கிறாள். அவர் வாங்கியது வேறு எதற்கோ. அவர் வாயைத் திறந்து, நத்தோரி உனக்கு யார் என்ற அந்த ஒரு கேள்வியைக் கேட்டால், நத்தோரி கிடைப்பானோ மாட்டானோ, அலமாரியில் இருக்கிற அந்த நான்கும் போய்விடும்.

5

நத்தோரியை எழுத முயன்றேன். என்னால் முடியவில்லை. முயன்றவற்றை இங்கே விட்டுவைக்கிறேன்.

"நத்தோரியின் விரல்கள் நீளமாக, பெண்களின் விரல்களைப் போல" — இல்லை. இதை எழுதும்போதே எனக்கு அவன்மேல் ஒரு எரிச்சல். என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன். அடித்துவிட்டேன்.

"நத்தோரிக்கு இருபத்தாறு வயதிலேயே வழுக்கை விழுந்து" — குஸாகாபேவுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் வழுக்கைத் தலையனைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்தாள் என்றால் இன்னும் மோசம்.

"நத்தோரி செத்து" — சாகவிடவும் மனமில்லை. செத்தவனோடு யார் போட்டி போடுவது?

அப்போதுதான் ஒன்று தெரிந்தது. மூன்று மாதமாக நான் எழுதியது மூன்று பக்கம். அந்த மனிதர் உளுந்தளவு ஒரு சிவப்புப் பொட்டிலிருந்து ஒரு தொழிற்சாலையையே கட்டிவிட்டார். மதிய மணி அடித்ததும் நத்தோரி எந்தப் பக்கமாக வந்து சோதனை மேசையைக் கடப்பான், பனி விழும் நாளில் யார் குடையில் யார் போவார்கள், அவளுடைய தேநீர்க் குவளை எந்த ஆணியில் தொங்கும், எல்லாம் அவருக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்தில் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரியும். ஒரு வாக்கியம் அடிக்காமல் சொல்வார். எழுத்து கற்றுக்கொண்டது நான். கதை அவருக்கு வருகிறது.

ஒருநாள் கேட்டேவிட்டேன், இதெல்லாம் மித்சுயோ-சான் சொன்னதா என்று.

"அவ எங்க சொல்லப்போறா. நான் கேட்டாத்தானே," என்றார்.

6

ஐந்தாவது குமோ-8 ஏலத்துக்கு வந்தபோது படத்தில் மூடி மூடியே இருந்தது. முந்திய இரண்டு ஏலங்களிலேயே யாரோ ஒரு ஆள் அவரோடு மல்லுக்கு நின்று விலையை ஏற்றியிருந்தான். தளத்தில் பெயர் முழுதாகத் தெரியாது. முதல் எழுத்தும் பிறகு நட்சத்திரக் குறிகளும்தான். முதல் எழுத்து 'ந' ஓசையில் தொடங்கியது. குஸாகாபேவுக்கு அது போதும். (நகாஜிமா, நிஷிவாக்கி, நொமுரா என்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னேன். "அவங்களுக்கெல்லாம் இந்த மிஷின் எதுக்கு?" என்றார்.) நத்தோரிதான், ஐஸூவில் உட்கார்ந்துகொண்டு, தான் குனிந்த கணினிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கிறான் என்று முடிவுகட்டிவிட்டார்.

இந்த முறை தெரியாமல் வாங்குவதில்லை என்று, விற்பவருக்கான கேள்விப் பெட்டியில் எழுதினார். அது ஊரே படிக்கும் பெட்டி. கேள்வியும் பதிலும் பொருளின் படத்துக்குக் கீழேயே தொங்கும். முப்பத்தோரு வருஷம் மற்றவர்களின் இரகசியத்தைப் பூட்டிவைத்த மனிதருக்கு அது தோன்றவே இல்லை.

"முதன்முறை எழுதுகிறேன், பொறுத்தருளவும். சிரமம் இல்லாவிட்டால் மூடியின் உட்புறச் சோதனைச் சீட்டைப் படமெடுத்துப் போட முடியுமா? குறிப்பாக வலது ஓர முத்திரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அறிய விரும்புகிறேன்."

விற்பவர் பதில் எழுதினார்: "கேள்விக்கு நன்றி. எனக்கு இயந்திரங்களைப் பற்றி எதுவும் தெரியாது. படம் சேர்த்திருக்கிறேன். சாய்வு என்று நீங்கள் சொல்வது பழுதில் சேருமா?"

அடுத்த நாள் அதற்குக் கீழே வேறொருவரின் கேள்வி: "முன்னால் கேட்டவர் அந்த முத்திரையின் சாய்வை எதற்காகக் கேட்கிறார் என்று தெரிந்துகொள்ளலாமா?"

விற்பவர்: "மன்னிக்கவும், எனக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது."

குஸாகாபே அதைப் படித்துவிட்டு அன்று முழுக்கக் கனமான பெட்டிகளை எல்லாம் இலேசான பெட்டிகள் மேல் அடுக்கினார். படத்தில் நத்தோரி குனிந்துதான் இருந்தான். விலை எவ்வளவு என்று சொன்னால் அவருக்குக் கேவலம். ஜெயித்தார் என்று மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

7

பெட்டி சனிக்கிழமை காலையில் வந்தது. மித்சுயோ தரையில் செய்தித்தாள் விரித்தாள். வழக்கமாக அவள் அந்தப் பக்கமே வரமாட்டாள். அன்று மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் கடைசித் திருகாணியைக் கழற்றி மூடியில் கை வைத்தபோது சொன்னாள்:

"எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு முதல்ல பாத்துக்குங்க."

குஸாகாபே கையை எடுக்கவில்லை, மூடியையும் எடுக்கவில்லை.

"போன வாரம் மேசையத் துடைக்கிறப்ப அந்த ஏலப் பக்கம் திறந்தே கிடந்துச்சு. பேரு இல்லன்னாலும் நீங்கதான்னு தெரிஞ்சுச்சு. வேற யாரு ஒரு முத்திரைய இவ்ளோ மரியாதையா விசாரிப்பா?"

அவளே மூடியைத் திருப்பி வைத்து, விரலால் காட்டினாள். இந்த முறை விரல் இடது ஓரத்தில் இருந்தது.

"இது என் முத்திரையே இல்ல."

பிறகு அவள் சொன்னதை குஸாகாபே என்னிடம் மூன்று தடவை, மூன்று நாள், ஒரே மாதிரி சொன்னார். ஐஸூவில் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு ஹதானோ மேல்தான் விழும். சோதனைப் பிரிவில் மட்டும் இரண்டு பேர். ஒன்று மித்சுயோ. இன்னொன்று அடுத்த நாற்காலியில் சேத்ஸு. மித்சுயோவின் முத்திரை, அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, சிமெண்டுத் தரையில் விழுந்து கீழ்விளிம்பு உடைந்துவிட்டது. அதனால் அவளுடைய வட்டத்தின் அடியில் எப்போதும் ஒரு இடைவெளி விழும். இந்த ஐந்தில் ஹதானோ இருக்கிற நான்கிலும் வட்டம் முழுதாக இருக்கிறது. நான்கும் சேத்ஸு. நத்தோரி அந்த சேத்ஸுவின் மேல் உயிராக இருந்தவன். அவள் சோதிக்கப்போகும் கணினி என்று தெரிந்தால் முத்திரையைச் சாய்ப்பான். மேற்பார்வையாளர் திட்டியும் விடவில்லை. வரிசை முழுவதற்கும் அது தெரியும், அதுதான் அன்றைக்குச் சிரிப்பு வந்தது. பிற்பாடு அந்த இரண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள்.

"உன் முத்திரை இப்ப எங்க?" என்று கேட்டார் குஸாகாபே. கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாராம்.

"வேலைய விட்டப்ப ஆபீசுல திருப்பிக் குடுத்தாச்சு."

"முதல் நாளே ஏன் சொல்லல?"

மித்சுயோ கண்ணாடியைக் கழற்றினாள். "நான் சிவப்புச் சட்டையப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். நீங்க திருப்புளியும் கையுமா, மண்ணுக்குள்ளருந்து தங்கத்தத் தோண்டி எடுத்தவரு மாதிரி நிக்கிறீங்க. கிண்ணம்னா திருப்பி அனுப்பலாம். அத எப்படிங்க திருப்பி அனுப்புறது?"

செய்தித்தாளை அவள்தான் மடித்தாள். மடித்துக்கொண்டே, அவரைப் பார்க்காமல் சொன்னாள்.

"எல்லாம் எனக்காக வாங்குறீங்கன்னு நெனச்சுட்டேன். ஒச்சியாய்-சான்கிட்ட வேற சொல்லித் தொலச்சிருக்கேன்."

8

இங்கே முடித்திருக்கலாம். உண்மையில் இங்கே ஒரு கோடு போட்டு முடித்தும் வைத்தேன். அதற்குப் பிறகுதான் குஸாகாபே-சான் கிடங்கில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க நம்புறீங்களா?" என்று கேட்டார்.

நான் நம்பினேன். ஏன் நம்பக்கூடாது என்று கேட்டேன்.

"எல்லாம் பொருந்துது முகாய்-சான். சாய்வு, சிரிப்பு, மூணாவது மிஷின், அந்த ஏலக்காரன் வரைக்கும். கடன் சங்கத்துல நான் பாத்த விண்ணப்பங்கள்ல, ஒண்ணுல எல்லாமே சரியா இருந்தா, அது முந்தின நாள் உக்காந்து ஜோடிச்சதுன்னு அர்த்தம். உண்மையான காகிதத்துல எங்கயாவது ஒரு அடித்தல் இருக்கும்."

அவரிடம், அவளுக்கு ஜோடிக்க நேரம் ஏது என்று கேட்டேன். அவள் அந்தக் கேள்வியைப் படித்ததுக்கும் பெட்டி வந்ததுக்கும் நடுவில் ஒரு வாரம் இருந்ததே என்றார். வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஒரு வாரத்தில், பாத்திரம் கழுவிக்கொண்டே, சேத்ஸு என்று ஒருத்தியைப் பெயரோடும் நாற்காலியோடும் உண்டாக்கி, உடைந்த விளிம்பு மாதிரி ஒரு சாட்சியை வைத்து, நத்தோரிக்குக் கல்யாணமும் பண்ணிவைத்துவிட்டாள் என்றால், எங்கள் மூன்று பேரில் எழுதத் தெரிந்தவள் அவள்தான். இந்தக் கதையில் நான் அதிகம் பொறாமைப்பட்டது அந்த இடத்தில்.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன், விட்டுவைக்கிறேன்.

அ) 'ந' என்ற அந்த ஏலக்காரர்கள் நத்தோரியும் சேத்ஸுவும். வயதான இருவர், தங்கள் காதலைப் பெட்டி பெட்டியாகத் திரும்ப வாங்குகிறார்கள். (இனிக்கிறது. இனித்தாலும் நடந்திருக்கலாம்.)

ஆ) சேத்ஸு என்று யாரும் இல்லை. மித்சுயோ சொன்னது அலமாரியைக் காப்பாற்ற. தன்னுடைய பழசை மறைக்க இல்லை, அவருடைய புதுசை மறைக்க. தான் அவளைச் சந்தேகப்பட்டதை அவர் தாங்கமாட்டார் என்று அவளுக்குத்

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் நம்பிவிடுவேன்.)

இ) 'ந' என்பவருக்கு வேண்டியது தந்தநிற விசைகள் மட்டும். மூடியை அவர் பார்ப்பதே இல்லை. கிடங்கில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறவரிடம், யார் எவர் என்று சொல்லாமல் ஏலத்தைப் பற்றி மட்டும் கேட்டபோது, இதுதான் நடக்கக்கூடியது என்றார். இதை எழுதினால் நீங்கள் என்னை அடிக்க வருவீர்கள்.

9

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஆறாவது குமோ-8-க்கு மாலை ஏழு மணிக்கு ஏல முடிவு. அதற்குமேல் எனக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை அவர் சொன்னது மட்டும்தான். மீதியை நான் போய்ப் பார்க்கவில்லை, எழுதுகிறேன்.

இந்த முறை விற்பவரே கேட்காமல் சீட்டின் படத்தைப் போட்டிருக்கிறார். சோதனைக் கட்டத்தில் ஹதானோ. வட்டத்தின் அடியில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது. உடைந்த விளிம்பாக இருக்கலாம், கேமராவின் வெளிச்சம் விழுந்ததாகவும் இருக்கலாம். பற்றவைப்புக் கட்டம் படத்துக்குள் வரவில்லை, ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. யாரும் கேள்விப் பெட்டியில் எதுவும் கேட்கவில்லை.

குஸாகாபே மேசை முன்னால். மித்சுயோ பக்கத்தில், ஆப்பிள் சீவிக்கொண்டு. ஆறு ஐம்பத்தெட்டு.

"இது எனக்கு வேணும்," என்கிறாள் அவள். "ஒண்ணாவது என்னோடதா இருக்கட்டும். எனக்காகக் கேளுங்க."

அவர் தலையாட்டுகிறார். கேட்கிறார். 'ந' உடனே அதற்கு மேலே கேட்கிறார். இந்தத் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஐந்து நிமிஷத்துக்குள் யாராவது விலையை ஏற்றினால், ஏலம் இன்னும் ஐந்து நிமிஷம் நீளும். மறுபடி யாராவது ஏற்றினால் மறுபடி ஐந்து. இரண்டு பேர் விடாப்பிடியாக நின்றால் விடியும்வரைகூட நீளும். யாராவது ஒருவர் போதும் என்று நினைத்தால்தான் முடியும்.

அவர் மறுபடி கேட்க வேண்டும். கேட்டு, ஜெயித்து, மூடியைத் திறந்து, விளிம்பு உடைந்திருந்தால், அது அவளுடைய கணினி, அலமாரியில் முதன்முதலாக உண்மையாகவே அவளுடையது. அதே உடைந்த விளிம்புதான் அவள் சொன்னது பொய்யில்லை என்பதற்குச் சாட்சி. அவளுக்காக வாங்கினாலும் அவளைச் சோதிக்க வாங்கினாலும் அழுத்துகிற பொத்தான் ஒன்றே, விலையும் ஒன்றே. அழுத்தாமல் விட்டால்? நம்பிவிட்டார் என்றும் சொல்லலாம். அவள் கேட்டதைக்கூட வாங்கிக் கொடுக்க மனசில்லாமல் போயிற்று என்றும் சொல்லலாம்.

இன்று காலை கிடங்கில் அவரைப் பார்த்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் சீட்டு ஒட்டுகிற பக்கமாகப் போய்விட்டேன்.

ஏனென்றால் எனக்கு வேண்டியது அவர் கேட்டாரா விட்டாரா என்பது இல்லை. அது பார்சல் வந்தால் தெரிந்துவிடும், எப்படியும் எங்கள் கை வழியாகத்தான் போக வேண்டும். எதற்காகக் கேட்டார் என்பதை அவராலும் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். நீங்கள் வெளியே இருக்கிறீர்கள், உங்களுக்கு யார்மேலும் பொறாமை இல்லை, உங்களுக்குத் தெரியக்கூடும்.

நான்கு நிமிஷம் இருபது நொடி இருக்கிறது. குஸாகாபேயின் விரல் பொத்தானுக்கு மேலே நிற்கிறது. மித்சுயோ கத்தியை மேசையில் வைத்துவிட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பேனாவை உங்களிடம் கொடுக்கிறேன். அவள் பார்க்கிறாள் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.